கல்லூரிச் சேர்க்கையும் கட்டணமும்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிளஸ் டூ தேர்வு எழுதிய பிள்ளைகளின் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் ஊர் மட்டும் குறிப்பிடப்பட்டுள்ளது.

என் கணவர் தபால் வழியில் பி.ஏ. சேர்ந்தார், முடிக்கவில்லை. கொழுந்தனார் பி.காம். பட்டதாரி. மகளுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்குமா? (அரூர்)

கிடைக்கும். இந்தச் சான்றிதழுக்குக் குடும்பம் என்று கணக்கில் வருவோர்: மாணவியின் பெற்றோர், உடன்பிறந்தோர், தந்தை வழி தாத்தா பாட்டி, தாய் வழி தாத்தா பாட்டி. சித்தப்பா, மாமா, அத்தை பட்டம் பெற்றிருந்தாலும் தடையில்லை. தபால் வழியில் பட்டம் வாங்கியிருந்தால் அதுவும் பட்டம்தான். உங்கள் கணவர் முடிக்கவில்லை என்பதால் கணக்கில் வராது. இதற்கு வருமான வரம்பும் இல்லை.

இ-சேவை மையத்தில் முதலில் மகள் பெயரில் கேன் எண் (இ-சேவையில் விண்ணப்பிப்போருக்கான தனி அடையாள எண்) பதிய வேண்டும். பிறகு புகைப்படம், ரேஷன் கார்டு, மகளின் டி.சி. அல்லது மதிப்பெண் சான்றிதழ், வீட்டில் மற்றவர்கள் எதுவரை படித்தார்கள் என்பதற்கான ஆதாரம், உறுதிமொழிக் கடிதம் ஆகியவற்றை ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இருவரையும் கடந்து மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போகும். பெரும்பாலும் வி.ஏ.ஓ. நிலையில்தான் தாமதமாகிறது. விண்ணப்பித்த கையோடு அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்துவிடுங்கள். உங்கள் கணவர் பி.ஏ. படித்தார் என்று ஊரில் யாராவது சொல்லி, விசாரணையில் அது எழுதப்பட்டால் சிக்கல். அவருடைய கடைசிச் சான்றிதழ் பிளஸ் டூ என்றால் அதன் நகலையும், பட்டப்படிப்பு முடிக்கவில்லை என்ற எழுத்துமூல உறுதியையும் முன்கூட்டியே கொடுங்கள்.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சான்றிதழால் வரும் கட்டணச் சலுகை. மூத்த மகன் இதே சான்றிதழில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறான், இன்னும் பட்டம் வாங்கவில்லை என்றாலும் இளையவளுக்குக் கிடைக்காது. பொறியியல் கவுன்சலிங்கில் சான்றிதழோடு, பெற்றோரும் மாணவியும் கையொப்பமிட்ட கூட்டு உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள். சான்றிதழ் இருந்தும் இந்தப் படிவம் இல்லாமல் சரிபார்ப்பில் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் டியூஷன் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் அளவுக்குக் குறையும். விடுதி, பேருந்துக் கட்டணங்களுக்குப் பொருந்தாது. நிர்வாக ஒதுக்கீட்டில் (கவுன்சலிங் இல்லாமல் கல்லூரியே நேரடியாகத் தரும் இடத்தில்) சேர்ந்தால் இந்தச் சலுகையே கிடையாது.

மகன் கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84. கட்-ஆஃப் எவ்வளவு? எத்தனை கல்லூரிகளைப் பட்டியலில் போட வேண்டும்? ‘அக்செப்ட் அண்ட் அப்வர்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கையில் உள்ள சீட் போய்விடும் என்கிறார்களே? (விருதுநகர்)

கணித மதிப்பெண் முழுதாக வரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக வரும். 92, 44, 42 கூட்டினால் 178. இதுதான் 200-க்கு அவன் கட்-ஆஃப். கட்-ஆஃப் சமமாக இருப்பவர்களைப் பிரிக்க முதலில் கணிதம், அடுத்து இயற்பியல் பார்ப்பார்கள்.

விருப்பப் பட்டியலில்தான் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்கூடச் சறுக்குகிறார்கள். அங்கே நீங்கள் எழுதும் வரிசை உங்கள் ஆசையின் வரிசை. எது கிடைக்கும், எது கிடைக்காது என்ற கணிப்பின் வரிசை அன்று. கிண்டி பொறியியல் கல்லூரி முதலிடத்தில் இருந்து, அது கிடைக்காமல் போனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கணினி அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். ‘எப்படியும் கிடைக்காது’ என்று மேலே போடாமல் விடுவது முதல் தவறு. கிடைத்தாலும் சேரப்போவதில்லை என்று தெரிந்த கல்லூரியை நடுவில் போட்டு வைப்பது இரண்டாம் தவறு. அது ஒதுக்கப்பட்டுவிட்டால், அதற்குக் கீழே நீங்கள் எழுதிய எல்லாமே அந்தச் சுற்றில் செத்துப்போகும்.

எத்தனை போடலாம் என்பதற்கு வரம்பில்லை. 178 போன்ற நடுத்தரக் கட்-ஆஃபுக்கு நாற்பது, ஐம்பது தேர்வுகள் அதிகம் அல்ல. டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) இணையதளத்தில் முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று வகுப்புவாரியாக இருக்கும். உங்கள் வகுப்புக்கான எண்ணையும் பொதுப் பிரிவுக்கான எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். தரவரிசை இடம் கொடுத்தால் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. மாணவர்களுக்கும் பொதுப் பிரிவில் சீட் விழும். போன ஆண்டு முடிந்த மதிப்பெண் உங்கள் கட்-ஆஃபைவிட ஐந்தாறு அதிகமாக உள்ளவற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு குறைவாக உள்ளவை வரை பட்டியலில் வரட்டும். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல உண்டு, கல்லூரிக் குறியீட்டு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். முடித்ததும் பட்டியலை அச்செடுத்து, மகனையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இந்த வேலையை பிரவுசிங் சென்டர்காரரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒப்படைக்காதீர்கள். மாவட்டம்தோறும் டி.என்.இ.ஏ. உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே இலவசமாகச் செய்து கொடுப்பார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் பதில் சொல்ல இரண்டே நாள்தான். பதில் சொல்லாமல் விட்டால் சீட் போய்விடும். மகன் முன் ஐந்து வாய்ப்புகள் இருக்கும். ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’ என்றால் இதுவே போதும் என்று அர்த்தம், குறித்த நாளுக்குள் அந்தக் கல்லூரியில் பணம் கட்டிச் சேர வேண்டும். ‘அக்செப்ட் அண்ட் அப்வர்டு’ என்றால் இதை வைத்துக்கொள்கிறேன், என் பட்டியலில் இதற்கு மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள் என்று அர்த்தம். இதற்கான பணத்தை உதவி மையத்தில் கட்ட வேண்டும், கல்லூரியில் அல்ல. மேலே கிடைக்காவிட்டால் பழைய சீட் அப்படியே இருக்கும். மேலே கிடைத்துவிட்டால் பழையது தானாகவே வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. நீங்கள் கேள்விப்பட்டது இந்தப் பாதி உண்மையைத்தான். ஆகவே பட்டியலின் வரிசை சரியாக இருந்தால் ‘அப்வர்டு’ கொடுக்க அஞ்ச வேண்டியதில்லை. வரிசை தவறாக இருந்தால்தான் ஆபத்து: வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த நல்ல கல்லூரிக்கு மேலே, யோசிக்காமல் போட்ட ஏதோ ஒரு தூரத்துக் கல்லூரி இருந்தால் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது, ‘டிக்லைன் அண்ட் அப்வர்டு’. இதில் கையில் உள்ள சீட்டை உடனே விட்டுவிடுகிறீர்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொண்டு நல்ல சீட்டை இழந்தவர்கள் பலர். திரையில் முதல் வார்த்தையை இரண்டு முறை படியுங்கள். மற்ற இரண்டும் அடுத்த சுற்றுக்குப் போவதற்கும் கவுன்சலிங்கை விட்டே விலகுவதற்கும்.

மகளிடம் பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கிறது. ஜே.இ.இ. தேர்வுக்கு அது செல்லாது என்கிறார்கள். நான் மாநில அரசு அலுவலகத்தில் உதவியாளர், ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். 8 லட்சத்தைத் தாண்டியதால் ஓ.பி.சி. சான்றிதழ் தர முடியாது என்று இ-சேவை மையத்தில் சொல்லிவிட்டார்கள். (கும்பகோணம்)

முதல் பகுதி சரி, இரண்டாவது தவறு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ‘ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர்’ சான்றிதழ், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிக்க பிரிவில் (கிரீமி லேயர்) வராதவர் என்ற சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் அதில் இல்லை.

கிரீமி லேயர் வருமானக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியர் குடும்பத்துக்கு அவர் எந்தப் பிரிவுப் பதவியில் இருக்கிறார் என்பதுதான் முக்கியம். நீங்கள் ‘சி’ பிரிவில் இருக்கிறீர்கள் என்றால் 9 லட்சம் சம்பளம் தடை அல்ல. வாடகை, வியாபாரம், வட்டி போன்ற மற்ற வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 8 லட்சத்தைத் தாண்டினால்தான் கிரீமி லேயர். இ-சேவை மைய ஊழியர் இதை முடிவு செய்கிறவர் அல்லர். விண்ணப்பத்தைப் பதிவு செய்யச் சொல்லி, சம்பளச் சான்றோடு உங்கள் பதவிப் பிரிவைக் குறிப்பிடும் அலுவலகக் கடிதத்தையும் இணைத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் பேசுங்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். டிசம்பரில் ஜே.இ.இ. மெயினுக்காக வாங்கிய சான்றிதழை ஜே.இ.இ. அட்வான்ஸ்டுக்குக் கொடுக்க முடியாது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதைத்தான் ஏற்பார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே புதியதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். நேரத்துக்கு வராவிட்டால் பொதுப் பிரிவில் நிற்க வேண்டி வரும். என்.ஐ.டி. இடத்துக்குப் பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. என்றால் 65) அல்லது அந்த வாரியத்தின் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வந்திருக்க வேண்டும் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். நுழைவுத் தேர்வு மும்முரத்தில் பள்ளித் தேர்வைக் கோட்டை விடுகிறார்கள்.

ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தாலும் எங்களால் கட்டணம் கட்ட முடியாது. மகனைத் தேர்வு எழுத வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? (ஆம்பூர்)

சொல்லாதீர்கள். ஐ.ஐ.டி. டியூஷன் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் என்பது உண்மை. ஆனால் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் டியூஷன் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, நீங்கள் கட்ட வேண்டியது சுமார் 67,000. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமல் முழுத் தள்ளுபடி. விடுதி, மெஸ் செலவு தனி, அதற்குக் கல்விக் கடன் வாங்கலாம். சென்னையில் ஒரு சாதாரணத் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதைவிட இது குறைவாகவே முடியும்.

என் மகன் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தான். 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டா? (நாசரேத்)

இல்லை. அது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். ஆர்.டி.இ. (கல்வி உரிமை) சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அதில் வருவார்கள். ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் 6 முதல் 12 வரை படித்த மாணவர்களும் சேர்க்கப்பட்டுள்ளார்கள். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும் அப்படியே. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளரைப் பார்த்து, பள்ளியில் தந்த எமிஸ் எண்ணை (மாணவர் அடையாள எண்) கொடுக்கச் சொல்லுங்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும்.

கவுன்சலிங்கில் தனியார் கல்லூரியில் சீட் கிடைத்துள்ளது. நான்கு ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து 6 லட்சம் கடன் தேவை. வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். இன்னொரு வங்கியில் உங்கள் ஊர்க் கிளைக்குப் போங்கள் என்கிறார்கள். (துறையூர்)

7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானமோ வெளியாள் ஜாமீனோ கேட்கக் கூடாது. அரசின் கடன் உத்தரவாத நிதி அந்தப் பொறுப்பை ஏற்கிறது. பெற்றோர் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். ‘உங்கள் பகுதி இல்லை’ என்று கல்விக் கடனைத் திருப்பி அனுப்பவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

வாய்ப் பேச்சில் அலையாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து எண் வாங்கிக்கொண்டு கிளைக்குப் போங்கள். ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் ஆண்டுவாரிக் கட்டண விவரம், பத்தாம் வகுப்பு மற்றும் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், வட்டாட்சியர் தந்த வருமானச் சான்றிதழ், இருவரின் ஆதார், பான் ஆகியவை கையில் இருக்கட்டும். கட்டண விவரத்தில் விடுதி, புத்தகம், மடிக்கணினி ஆகியவற்றையும் எழுதி வாங்குங்கள். அதில் இல்லாததற்குக் கடன் வராது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடனை மறுக்கக் கிளை மேலாளர் தன் மேலதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். எழுத்தில் கேட்டதுமே பல விண்ணப்பங்கள் நகர்கின்றன. நகரவில்லை என்றால் வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். உதவி எண் 14448. மறுப்புக்கு உண்மையான காரணம் பல நேரம் பெற்றோரின் பழைய நகைக் கடன் அல்லது பைக் கடன் பாக்கியாக இருக்கும். போகும் முன் அதைச் சரிசெய்து, பாக்கியில்லாச் சான்று வாங்கிவிடுங்கள்.

4 லட்சம் வரை உங்கள் பங்கு எதுவும் கட்ட வேண்டாம். அதற்கு மேல் செலவில் 5 சதவீதம் உங்களுடையது. உதவித்தொகை வந்தால் அதையும் இந்தப் பங்காகக் காட்டலாம்.

வட்டியைப் பற்றி வங்கியில் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடும். ஆண்டுக்கு 1.5 லட்சமாக நான்கு முறை வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் தொகைக்கு 75,000, அடுத்ததற்கு 60,000, பிறகு 45,000, 30,000. மொத்தம் 2.10 லட்சம். மகன் வேலைக்குப் போகும்போது கடன் 8.10 லட்சமாக நிற்கும். பத்தாண்டுத் தவணையில் மாதம் சுமார் 10,700. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் (முதல் ஆண்டு மாதம் 1,250, நான்காம் ஆண்டிலிருந்து 5,000) தவணை சுமார் 7,900-தான். அப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேளுங்கள்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், இந்தக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டும் மானியம் இருக்கிறது. தொழில்நுட்பப் படிப்பாகவும், நாக் அல்லது என்.பி.ஏ. (கல்வித் தரத்தை மதிப்பிடும் அமைப்புகள்) அங்கீகாரம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பி.எம். வித்யாலட்சுமி திட்டப் பட்டியலில் உங்கள் கல்லூரி இருந்தால், 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கும் 3 சதவீத மானியத்துக்கு வழி உண்டு. இந்த மானியம் கேட்காமல் வராது. கடன் ஒப்புதலின்போதே வருமானச் சான்றிதழைக் கொடுத்து ரசீது வாங்குங்கள், ஆண்டுக்கொரு முறை கடன் கணக்கு அறிக்கையில் வரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இந்த மானியமும் இல்லை. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அவசரப்பட வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்: கூடுதல் கட்டணத்தோடு முதல் பட்டதாரிச் சலுகையும் வட்டி மானியமும் சேர்ந்து போகின்றன.

தனியார் கல்லூரி ஒன்றில் பிப்ரவரியிலேயே 25,000 முன்பணம் கட்டினோம். இப்போது கவுன்சலிங்கில் வேறு இடம் கிடைத்துள்ளது. பணத்தைத் தர மறுக்கிறார்கள், அசல் மதிப்பெண் சான்றிதழையும் வைத்திருக்கிறார்கள். (பல்லடம்)

வகுப்பு தொடங்கும் முன் விலகினால், 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் கூடாது. இன்றே விலகல் கடிதம் எழுதி, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ரசீது எண், கட்டிய தேதி, வங்கிக் கணக்கு எண் மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும். விலகிய தேதிக்கு அதுதான் சாட்சி. பதில் இல்லையென்றால் ஏ.ஐ.சி.டி.இ. குறைதீர் இணையதளத்தில் இதே நகல்களோடு புகார் செய்யுங்கள். ரசீது தராமல் வாங்கிய பணமாக இருந்தால் மீட்பது கடினம். ஜிபே, வங்கிப் பரிமாற்ற விவரம் இருந்தால் அதை எடுத்து வையுங்கள்.

மகளுக்கு உதவித்தொகை ‘அனுமதிக்கப்பட்டது’ என்று காட்டுகிறது. பல மாதமாகியும் கணக்கில் பணம் வரவில்லை. பாஸ்புக்கில் ஆதார் எண் இருக்கிறதே? (சங்கரன்கோவில்)

கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் வருவதற்காக என்.பி.சி.ஐ.யில் (தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்) இணைப்பது வேறு. பல வங்கிகளில் கணக்கு இருந்தால் கடைசியாக என்.பி.சி.ஐ.யில் இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். பள்ளியில் திறந்து மறந்துபோன பழைய கணக்குக்குப் போயிருக்கலாம், அதை முதலில் பாருங்கள். எந்த வங்கி இணைக்கப்பட்டுள்ளது என்று ஆதார் இணையதளத்திலேயே, மகளின் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. மூலம் தெரிந்துகொள்ளலாம். தவறான வங்கி என்றால், சரியான கிளையில் ‘டி.பி.டி. ஆதார் இணைப்பு’ப் படிவம் கொடுங்கள்.

அது சரியாக இருந்தும் வரவில்லை என்றால், கணக்கு ‘சிறு கணக்கு’ வகையா என்று கேளுங்கள். அதில் இருப்பு 50,000 ரூபாயையும், ஓராண்டு வரவு 1 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கட்டணத் தொகை பெரியதாக இருந்தால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். முழு ஆவணம் கொடுத்துச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். மூன்றாவதாக, பெயர். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னாலும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னாலும் இருந்தால் சரிபார்ப்பில் நிற்கும். மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்துவதுதான் எளிது. திருத்தியபின் கல்லூரிப் பொறுப்பாளரிடம் சொல்லி, யூமிஸ் (கல்லூரி மாணவர் விவரப் பதிவு) தளத்தில் மகளின் விவரத்தை மறுபடி சரிபார்க்க வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த தவணையும் அதே இடத்தில் நிற்கும்.